வலையில் சிரித்த குகன் அண்ணை

எங்களால் எதையும் சும்மா தொடங்க முடியாது. ரொறன்ரோவில் ஒரு தமிழர் தன் வீட்டு பேஸ்மென்டில் வருமான வரிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால்கூட, அந்தப் படிக்கட்டில் ஒரு நாடா வெட்ட வேண்டும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். பிறகு ஆசியுரை, பிறகு வாழ்த்துரை. (இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.) வந்தவர்கள் எல்லோரும் தோளில் ஒரு பொன்னாடையோடு வீடு திரும்புவார்கள். வரிக் கணக்கை அடுத்த வருடம் பார்க்கலாம்.

பிறரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. (அதுவும் இருக்கிறது, வரும்.) முதலில் திட்டு வாங்க வேண்டியவள் நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றால் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. குடும்ப வைத்தியரிடம் போனேன். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "மைக் இல்லாத இடமாப் பாத்துப் போங்கோ" என்றார். ஸ்காபரோவில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

என் மகள் அபி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. குளிர்காலத்தில் ஞாயிறு காலைகளில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்மைக் கேட்டு வாங்கி, பிக்கிள்போல் தொடங்கியிருந்தாள். டென்னிசுக்கும் மேசைப்பந்துக்கும் பிறந்த பிள்ளை போன்ற விளையாட்டு அது. சின்னக் களம், தாழ்வான வலை, துளைகள் போட்ட பிளாஸ்டிக் பந்து, கையில் ஒரு தட்டையான மட்டை. ஓடத் தெரியாதவர்களும் விளையாடலாம். அபியின் சிநேகிதிகள் ஐந்தாறு பேர் தொண்டர்கள். அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள், சீனர்கள், பிலிப்பைன்ஸ் தாதிகள், லொறி ஓட்டும் பஞ்சாபிக்காரர்கள். குளிருக்குள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சுவரோடு கதைத்துக்கொண்டிருந்த முதியவர்கள்தான் அதிகம்.

உபகரணங்கள் எல்லாம் தானம். பந்துகள் யாரோ ஒருவரின் காராஜிலிருந்து வந்தவை. வலைகள் பழைய பட்மின்டன் வலைகள். கிழிந்த இடங்களைச் சப்பாத்துக் கயிற்றால் கட்டி, இரண்டு பக்கமும் பள்ளிக்கூடக் கதிரைகளில் இழுத்துக் கட்டியிருந்தார் என் கணவர். பார்க்க மீன்பிடித் துறை போல இருக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் அங்கே ஒழுங்காக இருந்தது. சுவரோரம் ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாகப் பிளவுகள். வருகிறவர் தன் மட்டையை அடுத்த பிளவில் செருகிவிட வேண்டும். ஒரு ஆட்டம் முடிந்தால், வரிசையில் முதலில் நிற்கும் நான்கு மட்டைகளுக்குரியவர்கள் களத்துக்குப் போவார்கள். அவ்வளவுதான் சட்டம். யார், எவர், எந்த ஊர் என்று கேட்பதில்லை.

"அம்மா, இதுதான் முழு பொயின்ற்" என்று அபி ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினாள். "இங்க ஆக்கள் நிக்கிறேல்ல. மட்டைதான் நிக்குது. மட்டைக்கு டொக்டரும் தெரியாது, ட்ரைவரும் தெரியாது."

நல்ல பேச்சு என்று தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆளாக வருகிறவர் சரோ அன்ரி. எழுபது கடந்தவர், தனியே இருப்பவர், இரண்டு பஸ் மாறி வருவார். பனிக்காலத்தில் பஸ் மாறி வருவது என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தன் மட்டையின் பிடியில் சிவப்பு உல்லன் நூல் சுற்றி வைத்திருப்பார். மோசமான ஆட்டக்காரி. எதிராளியின் பந்து எங்கே விழுந்தாலும் "அவுட்" என்று கத்துவார். வலையை ஒட்டிய பகுதிக்கு இந்த விளையாட்டில் "கிச்சன்" என்று பெயர். அதற்குள் நின்று பந்தை நிலத்தில் படாமல் அடிக்கக்கூடாது. அதை முதல் நாள் அபி சொன்னபோது சரோ அன்ரி கையைத் தட்டினார். "குசினிக்குள்ள நிக்கக்கூடாதெண்டு சட்டம் போட்ட முதல் விளையாட்டு இதுதான் பிள்ளை. நான் இனி ஒவ்வொரு கிழமையும் வருவன்." வந்தார்.

பள்ளிக்கூடம் ஜிம்மைப் பரீட்சார்த்தமாகத்தான் தந்திருந்தது. ஆட்கள் தொடர்ந்து வந்தால் வசந்தம் வரை தருவார்கள். சண்டை, முறைப்பாடு, ஆள் குறைவு என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அபிக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

எனக்கு இருந்த கவலை வேறு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் சிநேகிதிகளின் பெண்கள் எல்லோரும் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தாகிவிட்டது. பெரிய மண்டபம், மினுங்கும் அழைப்பிதழ், மேடையில் அம்மாக்காரி பட்டுச்சேலையில் நின்று கண்ணீரோடு நன்றி சொல்வது, எல்லாம் முடிந்தது. அபி ஒன்பது வயதில் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்குக் கால் நோகுது" என்று சொன்னவள். அதன்பின் ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் போய், மூன்றாம் வரிசையில் இருந்து, கைதட்டி, பாயாசம் குடித்து, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவிய தாய் நான். எனக்கு ஒரு மேடை பாக்கி இருந்தது. அந்த மேடை பிக்கிள்போலாக இருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் குகன் அண்ணை வந்தார்.

குகன் அண்ணை வீடு விற்பனை முகவர். ஸ்காபரோவில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளைக் கடத்துவது சிரமம். பஸ் தரிப்பிட இருக்கையில் சிரிப்பார். நாட்காட்டியில் சிரிப்பார். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தமாக ஒட்டிக்கொண்டு, மின்சாரக் கட்டணத்தைப் பிடித்தபடி சிரிப்பார். அவரைக் கோயில் வாசலில் கண்டு, பிள்ளையின் முயற்சியைச் சொல்லி, வலைகள் கிழிந்துபோயின என்று மெல்ல இழுத்தேன்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். "நெற், மட்டை, பந்து எல்லாம் நான் தாறன். பிள்ளையள் நல்ல விசயம் செய்யுதுகள். எனக்கு ஒண்டுமே வேண்டாம்."

நான் நெகிழ்ந்துபோனேன்.

"சின்னதா ஒரு நிகழ்வு வைச்சால் காணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அபி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அம்மா. நோ ஸ்பீச். நோ விளக்கு. வாறவை விளையாடத்தான் வருகினம், பாக்க வரேல்ல. ப்ரொமிஸ் பண்ணுங்கோ."

"ப்ரொமிஸ்" என்றேன்.

என் கணவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். மறுபடி உயர்த்தினார். அந்த மனுஷன் கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான். ஆபத்து வருவது தெரிந்தால் பத்திரிகையை உயர்த்துவார்.

சின்ன நிகழ்வு எப்படி வளரும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குகன் அண்ணை நன்கொடை தருகிறார், அவருக்கு ஒரு பொன்னாடை போடத்தானே வேண்டும்? அவருக்குப் போட்டால் அவர் மனைவி மாலா அக்காவுக்குப் போடாமல் விடலாமா? அவர்களின் இரண்டு மருமக்களும் பாரம் தூக்க வருகிறார்கள், அவர்களுக்கு? பிறகு சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தருகிற கடைக்காரர், பனர் அடித்துத் தருகிறவர், படம் எடுக்கிறவர். கடைசியில் ஒரு பெரிய பை நிறையப் பொன்னாடை வாங்கினேன். போடுவதற்கு ஆள் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, பொன்னாடை இல்லாமல் போகக்கூடாது. அதுதான் எங்கள் இனத்தின் பயம்.

அறிவிப்பாளர் தயாளனை நான் கூப்பிடவே இல்லை. (சத்தியமாக.) அவர் காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒலிபெருக்கியும் மைக்கும் இருக்கும். எங்காவது பத்துத் தமிழர் கூடினால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. முதல் நாள் சனிக்கிழமை, ஜிம்மைத் துப்புரவாக்கப் போனவள், மூலையில் சுருட்டி வைத்திருந்த பழைய வலைகளைப் பார்த்தேன். சப்பாத்துக் கயிறுகள் தொங்கின. நாளைக்குப் படம் எடுக்கும்போது பின்னணியில் இது தெரிந்தால்? அள்ளிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்று மாலையே குப்பை லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஞாயிறு காலை. பட்டுச்சேலையும் அதற்கு மேலே குளிர் அங்கியும் பனிச் சப்பாத்துமாகப் போய் இறங்கினேன். ஆட்கள் வழக்கம்போல் வந்து, மட்டைகளைச் செருகி, கைகால் உதறிக்கொண்டு நின்றார்கள். சரோ அன்ரியின் சிவப்பு நூல் மட்டை முதலாவதாக நின்றது. எல்லோரும் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் புதிய வலைகள். குகன் அண்ணை சொன்ன சொல் தவறவில்லை. இரும்புக் கால்களோடு, நல்ல உறுதியான வலைகள். ஒவ்வொரு வலையிலும் இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை ஒரு பனர் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பனரிலும் நடுவில், ஒரு கோயில் தேர்ச் சில்லு அளவில், குகன் அண்ணையின் முகம். சிரித்தபடி. இரண்டு பக்கத்திலும்.

"அம்மா" என்றாள் அபி. அவள் கோபத்தில் கத்தினால் நான் பயப்பட மாட்டேன். அப்படி ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால்தான் பயம்.

"ஹலோ, ஹலோ. அன்பார்ந்த தமிழ்பேசும் நெஞ்சங்களே" என்றது ஒலிபெருக்கி. தமிழ் பேசாத நெஞ்சங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் நின்றன.

பள்ளிக்கூடத்தில் நெருப்பு வைக்கக்கூடாது என்று பராமரிப்பாளர் சொல்லியிருந்ததால், குத்துவிளக்கில் பற்றரி மெழுகுதிரிகளை வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் உள்ள பொத்தானை அமத்தி, மறுபடி வைக்க வேண்டும். குகன் அண்ணை கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. பொத்தானைத் தேடித் தேடி, கடைசியில் ஒன்றை எரியவைத்தார். அடுத்ததை எரியவைப்பதற்குள் முதலாவது அணைந்தது. தயாளன் அவ்வளவு நேரமும் ஒளியின் பெருமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு வரவேற்பு நடனம். (ஓம், நடனமும் இருந்தது. கேட்க வேண்டாம்.) பிறகு ஆசியுரை. பிறகு வாழ்த்துரை. ஜிம் மதியம் வரைதான் எங்களுக்கு. மணிக்கூட்டின் முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சீனத் தாத்தா நின்ற இடத்திலேயே கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தார். அவருக்கும் வாழ்த்துரை விளங்கியிருக்காது. ஆனால் எங்களைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அடுத்தது என் நன்றியுரை. மைக்கைப் பிடித்து, என் பிள்ளையைப் பெற்றதில் தொடங்கினேன். அபி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணீர் வந்தது. நான் திட்டமிட்ட இடத்திலேயே வந்தது. அரங்கேற்றக் கடன் தீர்ந்தது.

அப்போது குகன் அண்ணை கோட்டின் பொத்தானைக் கழற்றியபடி என்னிடம் வந்தார். "தங்கச்சி, முதல் ஆட்டம் நானும் மாலாவும் மருமக்களும். படம் எடுக்கிறவரை ரெடியா நிக்கச் சொல்லுங்கோ."

வரிசையில் முன்னால் நின்ற நான்கு மட்டைகளில் முதலாவது சரோ அன்ரியினுடையது. அடுத்த மூன்றும் அவரோடு சேர்ந்து விளையாட நின்றவர்களுடையவை. நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பந்தியில் பிரமுகருக்கு முதல் இலை போடுகிற கை அது, யோசிக்காது. சிவப்பு நூல் மட்டையை உருவிப் பின்னால் செருகினேன். குகன் அண்ணையின் புதிய மட்டையை முன்னால் வைத்தேன். பிறகு மாலா அக்காவின் மட்டை. பிறகு மருமகன்.

"இதென்ன பிள்ளை, என்ர மட்டை பின்னுக்கு நடந்து போகுது?" என்றார் சரோ அன்ரி.

"ஒரு ஆட்டம்தான் அன்ரி. அண்ணை எவ்வளவு சாமான் தந்தவர்."

"நானும் ரெண்டு பஸ் பிடிச்சு வந்தனான்."

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது மருமகனின் மட்டைக்கு இடம் தேடினேன். அப்போது என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

"அம்மா, கையை எடுங்கோ."

அபி. அவள் கண்ணில் நீர் நின்றது. அது திட்டமிட்ட கண்ணீர் இல்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் விளங்காதவர்களுக்கும் அது விளங்கியிருந்தது. ஒரு பிலிப்பைன்ஸ் தாதி தன் மட்டையைப் பலகையிலிருந்து மெல்ல உருவிப் பையில் வைத்தார். அவருக்கு அடுத்தவரும் உருவினார். ஞாயிற்றுக்கிழமை என் கண்ணுக்கு முன்னாலேயே ஒவ்வொரு மட்டையாகப் போகத் தொடங்கியது.

எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். "விடு பிள்ளை, ஆக்கள் பாக்கினம்" என்றேன்.

அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. குகன் அண்ணை தோல் சப்பாத்தோடு களத்தில் நின்றார். "அங்கிள், அந்தச் சப்பாத்து வழுக்கும்" என்று தொண்டர் பிள்ளை ஒருத்தி சொன்னதற்கு, "நான் ஊரில வொலிபோல் கப்டன் பிள்ளை" என்றார். மருமகன் பந்தை அடித்தார். அது வலையைத் தாண்டவில்லை. பளார் என்று குகன் அண்ணையின் கன்னத்தில் விழுந்தது. (பனரில் உள்ள கன்னத்தில்.) அடுத்த பந்து நெற்றியில். மாலா அக்கா அடித்தது நேராக வாயில். ஓரத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் பக்கத்துக் களத்தில் புகுந்து, ஆளுக்கொரு பந்தோடு "மூக்கு! மூக்கு!" என்று குறி பார்க்கத் தொடங்கினார்கள். ஜிம் முழுக்கப் பளார், பளார் என்று சத்தம். அந்த முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. சொந்த முகம்தான் சிவந்துகொண்டு வந்தது.

"முகத்தில அடிக்காமல் விளையாடுங்கோடா!" என்று மருமகனைப் பார்த்துக் கத்தினார்.

"மாமா, நீங்கள்தான் எல்லா இடத்திலயும் நிக்கிறியள்" என்றது அந்தப் பாவம்.

மாலா அக்கா ஒரு பந்தைத் தவறுதலாகச் சரியாக அடித்துவிட்டார். அது வலையைத் தாண்டி மெல்ல விழப் பார்த்தது. தயாளன் மைக்கில், "இதோ, எங்கள் கொடைவள்ளல் பந்தை நோக்கிப் பாய்கிறார்!" என்றார். பாய்ந்தார். கால் பாயவில்லை, சப்பாத்து மட்டும் பாய்ந்தது. மனுஷன் ஒரு வாத்தியக்காரன் மேளத்தை அணைப்பது போல இரண்டு கையாலும் வலையை அணைத்துக்கொண்டு, தன் முகத்தின் மேல் தன் முகத்தை வைத்து, வலையோடு சேர்ந்து மெல்லச் சரிந்தார்.

இரும்புக் கால்கள் நிலத்தில் மோதி ஓய்ந்தன. பிறகு சரோ அன்ரியின் குரல்: "அவுட்!"

சிரிப்பு வெடித்தது. எத்தனை தொலைபேசிகள் உயர்ந்தன என்று நான் எண்ணவில்லை. அடி ஒன்றும் படவில்லை; எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. கோட்டைத் தட்டினார். என்னைப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திறியளோ? டேய், கழற்றுங்கோடா எல்லாத்தையும்!"

"அண்ணை, அது பிள்ளையளுக்குக் குடுத்தது..."

"என்ர முகம் இருக்கிற சாமான் என்ர சாமான்!"

கொடுத்ததைத் திருப்பி எடுக்கும் கொடையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இன்றும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். மருமக்கள் இரண்டு பேரும் முழங்காலில் இருந்து திருகாணிகளைத் திருகினார்கள். பூட்டும்போது வேகமாகப் பூட்டியவர்களுக்குக் கழற்றத் தெரியவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட உதவவில்லை. கடைசியில் வலைகள், மட்டைகள், பந்துகள், கடித்த ரோல்ஸ் தவிர மற்ற ரோல்ஸ் எல்லாம் வாகனத்தில் ஏறின. மாலா அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கடைசியாகப் போனார்.

"பரவாயில்லை" என்றாள் அபி, தொண்டர்களைப் பார்த்து. நிமிர்ந்து நின்றாள். "எங்கட பழைய நெற்றைக் கட்டுவம். இன்னும் நேரம் இருக்கு. எங்க அது?"

யாருக்கும் தெரியவில்லை. தேடினார்கள். நானும் சேர்ந்து தேடுவது போலக் குனிந்தேன்.

"அம்மா? நேற்று நீங்கள்தானே துப்புரவாக்கினது?"

"நான்... அதைக் குப்பையில போட்டுட்டன்" என்று முணுமுணுத்தேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னேன். ஆனால் அண்ணை விழுந்ததும் தயாளன் பதறி என் கையில் திணித்த மைக், அணையாமல் அங்கேயே இருந்தது. *குப்பையில போட்டுட்டன்* என்று ஜிம்மின் நான்கு மூலைகளும் திருப்பிச் சொல்லின.

அபி நேராக என்னிடம் நடந்தாள். வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கி, நிறுத்தி, தயாளனிடம் கொடுத்தாள். ஒரு பிள்ளை தாயிடமிருந்து கத்தியை வாங்குவது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்தார். காலையிலிருந்து நான் கொடுத்த பொன்னாடைப் பையைச் சுமந்தபடி ஒரு மூலையில் நின்றிருந்தார். போடுவதற்கு ஒருவருக்கும் நேரம் வரவில்லை. போட வேண்டியவர்களும் போய்விட்டார்கள்.

"இஞ்சாரும்" என்றார் என்னிடம். "உதுகளை இனி என்ன செய்யிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பையைப் பிடுங்கி நிலத்தில் எறிந்தேன். பொன்னாடைகள் சிதறின. சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள், எல்லாவற்றிலும் தகதகவென்று சரிகைக் கரை. களத்தின் குறுக்கே ஒரு கோடாக நீண்டு கிடந்தன.

சரோ அன்ரி குனிந்து பார்த்தார். "உதைக் கட்டுங்கோவன்" என்றார்.

"எதை அன்ரி?"

"உந்தச் சால்வையளைத்தான். ஒண்டோட ஒண்டை முடிஞ்சு கதிரையில கட்டினால் நெற். நான் இன்னும் ஒரு பந்தும் அடிக்கேல்ல. அடிக்காமல் ரெண்டு பஸ் ஏறிப் போகமாட்டன்."

மட்டையைப் பையில் வைத்த அந்தப் பிலிப்பைன்ஸ் தாதி, மொழி விளங்காமலே, இரண்டு பொன்னாடைகளைத் தூக்கி முடிந்தார். ஒரு பஞ்சாபிக்காரர் கதிரைகளை இழுத்தார். என் கணவர் பல்லால் முடிச்சை இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் ஸ்காபரோவின் நடுவே, பனி கொட்டுகிற ஒரு நாளில், பள்ளிக்கூட ஜிம்மில், ஒரு கலியாண வீட்டுப் பந்தல் போல ஒரு வலை நின்றது. காராஜிலிருந்து வந்த பழைய பந்துகளும் ஆட்களின் சொந்த மட்டைகளும் இருந்தன. வேறென்ன வேண்டும்?

அபி சிவப்பு நூல் மட்டையை எடுத்து வரிசையின் முன்னால் செருகினாள். உருவிய மட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் மட்டையும் அங்கே இருந்தது. காலையில் நல்ல இடம் பார்த்துச் செருகியிருந்தேன். அதை உருவிக் கொண்டுபோய்க் கடைசிப் பிளவில் வைத்தாள். நான் தள்ளி நின்று இடம் விட்டேன். அன்றைக்கு என் முறை வரவும் இல்லை. பட்டுச்சேலையோடு ஓரத்தில் இருந்து, வெளியே ஓடிய பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். சரோ அன்ரி அடித்த முதல் பந்து ஊதாப் பொன்னாடையில் பட்டு விழுந்தது. "அது நெற் அசைஞ்சது, செல்லாது" என்று சாதித்தார்.

காரில் வீடு வந்தோம். வீட்டு வாசலில் அபி சொன்னாள்: "அம்மா, உங்களுக்கு ஒரு மேடை வேணுமெண்டால் என்னட்டக் கேட்டிருக்கலாம். சரோ அன்ரியின்ர மட்டையில ஏன் கை வைச்சனீங்கள்?" கைப்பைக்குள் சாவியைத் தேடினேன். இன்றும் அந்தக் கேள்வி அங்கேயே நிற்கிறது. கோபப்படுவது சுலபமாக இருப்பதால் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜிம் போகவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் ஆட்கள் வந்தார்கள். குகன் அண்ணை விழுந்த காணொளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவர்கள் பலர். பொன்னாடை வலையைப் பார்க்க வந்தவர்கள் அதைவிட அதிகம். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு பை கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் பொன்னாடை. எங்கள் ஊரில் எந்த வீட்டு அலுமாரியிலும், யாரோ எப்போதோ போட்டுவிட்டு, எறியவும் மனமில்லாமல், உடுக்கவும் வழியில்லாமல் மடித்து வைத்த பொன்னாடைகள் இருக்குமே, அவைதான். வாழ்க்கையில் முதன்முதலாக அவற்றால் ஒரு பயன். யூனியன்வில்லில் இருந்து ஒருவர் காரின் பின்பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தங்கச்சி, என்ர மனுசிக்குச் சொல்லாதேங்கோ" என்றார். இப்போது எங்களுக்கு எல்லாக் களங்களுக்கும் வலை இருக்கிறது. கிழிந்தால் மாற்ற மூட்டை இருக்கிறது. யாருடைய பெயரும் எதிலும் இல்லை. பிறகு ஒருநாள் மாலா அக்காவும் ஒரு பையோடு வந்தார். மட்டையைக் கடைசியில் செருகினார். ஒவ்வொரு கிழமையும் வருகிறார். குகன் அண்ணை வெளியே காரில் இருந்து காத்திருப்பார். கதவைத் திறந்து உள்ளே வாங்கோ என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

வீட்டில் என் நிலைமை மோசம். கடைசி மீன் துண்டுக்குக் கை நீட்டினால், "அம்மா, மட்டையைப் போட்டீங்களோ?" குளியலறைக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து என் கணவர், "மட்டையை வாசலில வைச்சிட்டுப் போம்." பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே இருவரும் சேர்ந்து, "பொன்னாடை!"

இந்த இலையுதிர் காலத்தில் அபி வேறு நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளை மற்றத் தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்களாம். போன கிழமை இரவுச் சாப்பாட்டில், மிகவும் சாதாரணமாக, "பிள்ளை போறதுக்கு முன்னம் ஜிம்மில சின்னதா ஒண்டு..." என்று ஆரம்பித்தேன். என் கணவர் பத்திரிகையை உயர்த்தினார். அபி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக் வெட்டுறது மட்டும்தான்!" என்றேன்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. வந்து மட்டையைக் கடைசியில வையுங்கோ."

போனேன். சேலை இல்லை, மைக் இல்லை, வெறுங்கை. ஒரு மட்டை மட்டும். நீளமான வரிசை. கடைசிப் பிளவில் செருகினேன். அதற்கு முதல் பிளவில் சிவப்பு நூல் சுற்றிய மட்டை நின்றது. சரோ அன்ரிக்கு அன்று பஸ் பிந்திவிட்டது போலும். பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை நீட்டி, என் கண்ணுக்கு முன்னாலேயே, தன் மட்டையை இறுக்கிப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.